முதலியார்பேட்டைச் சுவரோவியமும் அதைக் காக்கும் பணியும்: 17 மாத அனுபவம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் நாங்கள் வசிக்கிறோம். எங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய கிட்டங்கியின் சுற்றுச்சுவரில் 2024 ஜூன் மாதத்தில் ஓர் ஓவியம் தீட்டச் செய்தோம். 90 அடி நீளமும் 6 அடி உயரமும் கொண்ட சுவர் அது. தீட்டியவர்களே அந்த ஓவியத்தை இரண்டு ஆண்டுகள் பராமரிக்கவும், பராமரிப்பைத் தெருவில் உள்ளவர்களுக்குக் கற்றுத்தரவும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணி எப்படி இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தங்கள் தெருவிலும் இப்படி ஒன்றைச் செய்யலாமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் முழுமையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

குழுவில் ஆறு பேர். அவர்களில் நால்வர் முன்பு கட்சிகளுக்கும் கடைகளுக்கும் சுவரெழுத்து எழுதியவர்கள். ஃப்ளெக்ஸ் பேனர் பரவிய பிறகு அந்தத் தொழில் நலிந்துபோக, வீட்டுக்கு வண்ணம் பூசும் வேலைக்கும் பள்ளிச் சுவர்களில் படம் வரையும் வேலைக்கும் மாறியவர்கள். எல்லாக் கட்சிக்காரர்களோடும் பேசிப் பழகித் தொழில் செய்ய வேண்டியவர்கள் என்பதால் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதை மதித்துப் பெயரைத் தவிர்க்கிறேன். குழுவில் மூத்தவரை மட்டும் பெரியவர் என்று குறிப்பிடுகிறேன். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைக்கிறோம்.

இந்தச் சுவரில் இதற்கு முன்பும் ஓர் ஓவியம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து வந்த மாணவர்கள் இரண்டே நாளில் அதை வரைந்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலக் கதவு, மிதிவண்டியில் செல்லும் வெள்ளைக்காரப் பெண் என்று கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தெருக்களில் காண்பவற்றையே அவர்கள் தீட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் சுவரொட்டி ஒட்டப்பட்டபோது எங்களில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் தனிப்பயிற்சி நிலைய விளம்பரம், பிறகு போர்வெல் போடுபவரின் கைபேசி எண் என்று ஓராண்டுக்குள் அந்தப் படம் மறைந்துபோனது. சுவரடியில் குப்பை சேர்ந்தது. இரவில் சிறுநீர் கழிக்கும் இடமாகவும் ஆனது. அந்த ஓவியம் எங்களுடையது என்று நாங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை என்பதே உண்மை.

ஆகவே பெரியவர் முதல் கூட்டத்திலேயே வரைபடம் எதையும் காட்டாமல், 'இந்தத் தெருவில் யார் யார் எந்த மில்லில் வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்டது எங்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது. முதலியார்பேட்டையில் பஞ்சாலையோடு தொடர்பில்லாத பழைய குடும்பத்தைக் காண்பது அரிது. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையின் சங்கொலியை வைத்துச் சோறு வடித்த வீடுகள் இங்கே உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்ததைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர்களும் உண்டு. நான்கு கூட்டங்கள் நடந்தன. கூட்டங்களின் முடிவில் உருவான படத்தில் நூல் சுற்றும் பெண்களும், சோற்றுத் தூக்கோடு ஆலை வாயிலில் காத்திருக்கும் சிறுவனும், வம்பாக்கீரப்பாளையத்துக் கரையில் வலை பின்னும் கைகளும், நடுவில் நூல் சுற்றப்படாத 12 கதிர்களும் இடம்பெற்றன. அந்த 12 கதிர்களை முன்மொழிந்தவர் ஆலையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மா. அவர் நாள்தோறும் காலையில் வாசல் தெளித்துவிட்டு அந்தச் சுவர்வரை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வருகிறார். காவலுக்கு ஆள் வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு செயல்களில் அவர்கள் காட்டிய பொறுமையைப் பாராட்ட வேண்டும். சுவரின் உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வமான இசைவு வாங்கித் தரும்வரை தூரிகையைத் தொட மாட்டோம் என்றார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலும் புதுச்சேரியில் 2000 முதலும் நடைமுறையில் இருக்கிறது. நாளை யாராவது அந்தச் சுவரில் எழுதினால் முறையிடுவதற்கு முதலில் நம் கையில் உரிய தாள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டாவதாக, நாங்கள் மார்ச் மாதத்திலேயே தொடங்கச் சொன்னபோது, ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வருவதால் அது முடியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் சுவரெழுத்துகளை வெள்ளையடித்து அழிக்கும் வேலை ஊரெங்கும் அவசரமாக நடக்கும்; அந்த அவசரத்தில் பாதி வரைந்த ஓவியத்துக்கும் கட்சி விளம்பரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். சுவரெழுத்துத் தொழிலில் பழகியவர்களுக்குத்தான் இது முன்கூட்டித் தெரியும்.

சுவரைத் தயார் செய்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த நன்மைக்கும் குறைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. சுவரின் பெரும்பகுதி சிமென்ட் பூச்சு. தென்கோடியில் உள்ள சுமார் 12 அடி மட்டும் பழைய செங்கல் கட்டின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. உளி கொண்டு தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலித்த இடங்களைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, அந்தப் பூச்சு 28 நாள் இறுகும்வரை விட்டுவிட்டு, பிறகு பிரைமரும் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனும் பயன்படுத்தினார்கள். சிவப்புக்குக் கடையில் கிடைக்கும் பளிச்சென்ற நிறங்களைத் தவிர்த்து, காவியிலிருந்து கலந்த செம்மண் நிறத்தையே எடுத்துக்கொண்டார்கள். இரும்புச் சத்தால் ஆன காவி நம் வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. செயற்கைச் சிவப்புகளில் பல வெளுத்துவிடும். 17 மாதம் கழித்து இன்றும் அந்த நிறம் அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது, தொடக்கத்தில் மங்கலாக இருக்கிறதே என்று நான் முறையிட்டது தவறென்று ஒப்புக்கொள்கிறேன்.

ஓவியத்தின் மேல் நிறமற்ற ஒரு காப்புப் பூச்சு அடிக்கப்பட்டது. இத்தகைய பூச்சுகள் பொதுவாக இரண்டு வகை என்று பெரியவர் எங்களுக்கு விளக்கினார். ஒன்று, தன்னையே பலிகொடுக்கும் பூச்சு: மெழுகு போன்ற மெல்லிய படலம்; அதன்மேல் யாராவது கிறுக்கினால் வெந்நீரால் கழுவும்போது கிறுக்கலோடு சேர்ந்து படலமும் போய்விடும், ஓவியம் தப்பும், ஆனால் அந்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும். மற்றொன்று, இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு: கெட்டியாக நிலைத்துவிடும், எத்தனை முறை துடைத்தாலும் தாங்கும், ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. எங்களுக்கு இரண்டாவது வகையை அடித்தார்கள். வெயிலில் மஞ்சளாகாத அலிஃபாட்டிக் வகைதானா என்று டப்பாவைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளும்படி எங்களிடமே சொன்னார்கள். வேலை தருபவரை இவ்வாறு சரிபார்க்கச் சொல்லும் ஒப்பந்ததாரரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்தப் பூச்சுகள் மேலை நாடுகளில் ஸ்ப்ரே வண்ணக் கிறுக்கலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. நம் ஊர்ச் சுவருக்கு முதன்மையான பகை ஸ்ப்ரே அன்று, மைதா பசை. சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சியும் மாடும் அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்து, துடைப்பத்தால் தோய்த்து அப்புவார்கள். அந்தப் பசை காயும்போது சுருங்கும். சுவரொட்டியைக் கிழித்தால் அடியிலிருக்கும் வண்ணமும் செதிலாகக் கூடவே வரும். காப்புப் பூச்சு இருக்கும் சுவரில் இதன் பிடி தளர்ந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழந்துணியைச் சுவரொட்டியின் மேல் 15 நிமிடம் ஒட்டிவைத்து, பிறகு மேலிருந்து கீழாக மெதுவாக உரித்தால் தாள் முழுதாக வந்துவிடுகிறது; மீதிப் பசையைக் கடற்பஞ்சால் துடைத்துவிடலாம். பட்டித் தகட்டால் சுரண்டக் கூடாது என்பதை மட்டும் அவர்கள் பத்து முறையாவது சொல்லியிருப்பார்கள். வெற்றிலை எச்சில் அன்றே கழுவினால் தடமின்றிப் போகிறது. இரண்டு நாள் விட்டால் மெல்லிய பழுப்பு நிற்கிறது. மார்க்கர் பேனாவுக்கு அவர்கள் தந்த கறை நீக்கும் கரைசல் தேவைப்பட்டது. ஆக, பூச்சு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அது நமக்குச் சிறிது கால அவகாசத்தை மட்டுமே தருகிறது. அந்த அவகாசத்துக்குள் துணியும் வாளியுமாக ஒருவர் வந்து நிற்க வேண்டும்.

யார் வந்து நிற்பது என்பதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுதான் இந்தப் பணியின் உயிர். தெருவை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் சுவரில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். பெட்டிக்கடையில் ஒரு வாளி, துணி, கையுறை, கரைசல், தொட்டுத் திருத்துவதற்கான ஆறு வண்ணங்கள் சிறு டப்பாக்களில், ஒரு குறிப்பேடு ஆகியவை வைக்கப்பட்டன. கறை கண்டவர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தப் பங்குக்கு உரியவர்கள் ஒரு நாளுக்குள் அகற்ற வேண்டும். அகற்ற முடியாததை மட்டும் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிறுக்கலை ஒரு நாளுக்குள் அகற்றிவிட்டால் அடுத்த கிறுக்கல் வருவது குறையும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நடைமுறை. எழுதியவர் தன் எழுத்து நிற்பதைத்தான் விரும்புகிறார். அது மறுநாள் காலையில் இல்லையென்றால் வேறிடம் தேடுவார்.

சுவரடியில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமிப் படம் போட்ட ஓடுகளைப் பதிக்கலாம் என்று எங்களில் பலர் சொன்னோம். ஊரெங்கும் காணும் வழக்கம்தானே என்பது எங்கள் எண்ணம். பெரியவர் உறுதியாக மறுத்துவிட்டார். தெய்வத்தைக் கொண்டுபோய் நாற்றத்தில் நிறுத்திக் காவல் காக்கச் சொல்வது முறையல்ல என்றும், எந்தச் சமயத்துப் படத்தை எங்கே பதிப்பது என்ற பேச்சு எழுந்தால் ஓவியத்துக்காகக் கூடிய தெரு இரண்டாகும் என்றும் சொன்னார். அதற்கு மாற்றாக மூன்றையே கேட்டார்: சுவரை நோக்கி ஒரு விளக்கு, குப்பைத் தொட்டியை இருபது அடி தள்ளி வைப்பது, சுவரடியில் ஒரு கல் பெஞ்சு. விளக்குக்கான மின்சாரத்தைக் கிட்டங்கி உரிமையாளர் தந்தார். பெஞ்சில் மாலையில் முதியவர்கள் உட்காரத் தொடங்கியதும் அந்த வழக்கம் தானாக நின்றது. அவர் மறுத்ததற்காக அன்று வருத்தப்பட்டவர்களும் இன்று அவர் செய்தது சரி என்கிறார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1984இல் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க நகர நிர்வாகம் ஒரு திட்டம் தொடங்கியபோது, ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அமர்த்திச் சுவரில் கிறுக்கிய இளைஞர்களையே ஓவியம் வரைய அழைத்தார்கள். அந்த முயற்சியே பின்னர் ஆயிரக்கணக்கான சுவரோவியங்களை உருவாக்கிய பெருந்திட்டமாக வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1976 முதல் ஜூடி பாக்கா என்ற ஓவியர் நூற்றுக்கணக்கான இளைஞர்களைக் கொண்டு ஏறத்தாழ அரை மைல் நீளச் சுவரில் அந்த ஊர் மக்களின் வரலாற்றைத் தீட்டச் செய்தார். நம் பக்கத்தில் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்ததை நாம் அறிவோம். இவற்றைப் பெரியவர் படித்தவரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அவர் செய்தது அதே வழிதான்: சுவரைக் கெடுக்கக் கூடியவர் யார் என்று முதலில் தேடிச் சென்றார்.

இந்தப் பகுதியில் இரவு ஒரு மணிக்கு மேல் இருசக்கர வண்டியில் பசை வாளியோடு வருபவர்கள் மூன்று குழுவினர். மூவரும் அவருக்குத் தெரிந்தவர்கள். ஓவியம் தொடங்குவதற்கு முன் மூவரையும் பகல் நேரத்தில் தெருவுக்கு அழைத்துவந்து, எங்களோடு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, வரைபடத்தைக் காட்டினார். அவர்களில் ஒருவரின் தாத்தாவும் மில் தொழிலாளி என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு சுவரொட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர்களுக்கு ஒட்டுவதற்கு இடம் வேண்டும். அதை மறுத்துவிட்டு ஒட்டாதே என்று மட்டும் சொல்வது நியாயமில்லை என்று பெரியவர் எங்களிடம் எடுத்துச் சொன்னார். தெருவின் மறுமுனையில் எட்டடிக்கு நாலடியில் ஒரு தகரப் பலகை நிறுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. செலவைக் காரணம் காட்டி நாங்கள் அப்போது தள்ளிப்போட்டோம். அது எங்கள் தவறு.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலை, 12 கதிர்களின் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. இறந்தவர் பக்கத்துத் தெருக்காரர்; நல்ல மனிதர்; எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உறவு. வெளியூரிலிருந்து வந்த உறவினர் யாரோ வேறு ஆளை அமர்த்தி ஒட்டியிருக்கிறார்கள். குறிப்பேட்டின்படி ஒரு நாளுக்குள் அகற்ற வேண்டும். ஆனால் எழவு வீட்டுச் சுவரொட்டியை மறுநாளே உரிப்பவர் யார்? உரித்தால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? விட்டுவிட்டால், அதைக் காட்டி நாளை பிறந்தநாள் வாழ்த்தும் வந்து ஒட்டும். அன்று மாலை பெஞ்சைச் சுற்றி நின்று நெடுநேரம் பேசினோம். இளைஞர் சிலர் விதி என்றால் எல்லோருக்கும் விதிதான் என்றார்கள். மில்லில் வேலை பார்த்த அந்த அம்மாதான் முடிவு சொன்னார்: கருமாதி முடியட்டும், பிறகு பிள்ளைகளிடம் பேசலாம். பெரியவரை அழைத்துக் கேட்டோம். பூச்சு இருப்பதால் 16 நாள் இருந்தாலும் வண்ணத்துக்குக் கேடு வராது, மழை மட்டும் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து மூத்த மகனிடம் நானே போய்ப் பேசினேன். நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் அவர் தம்பியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வெந்நீர், துணி எல்லாம் நாங்கள் தயாராக வைத்திருந்தோம். தந்தையின் படத்தை அந்த இரண்டு பிள்ளைகளும் நனைத்து நனைத்து, ஓர் ஓரம்கூடக் கிழியாமல் உரித்து, மடித்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அடியில் 12 கதிர்களும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. அடுத்த மாதம் தகரப் பலகை நிறுவப்பட்டது. அதன் செலவில் பாதியை அந்தக் குடும்பமே ஏற்றது. அன்றுமுதல் இன்றுவரை கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா ஆகிய எல்லாச் சுவரொட்டிகளும் அந்தப் பலகைக்கே போகின்றன. ஓவியத்தின் மேல் அதன் பிறகு ஒட்டப்பட்டவை மொத்தம் மூன்று. மூன்றும் அன்றே எடுக்கப்பட்டன.

கீறல்கள் வேறு விதமானவை. சுவரின் கீழ்ப்பகுதி மூன்றடியைத் தெருப் பிள்ளைகளே வரையும்படி விட்டார்கள். கைக்கு எட்டும் உயரம்தான் கெடும் உயரம் என்பதால் அந்த ஏற்பாடு. மீன், நண்டு, பம்பரம், நூற்கண்டு என்று பிள்ளைகள் மனம்போல வரைந்திருக்கிறார்கள். சாவியால் பெயர் கீறிய பதின்ம வயதுப் பையன் ஒருவனைத் தெருவில் கண்டுபிடித்தபோது சிலர் அடிக்கப் போனார்கள். குழுவில் இளையவர் அதைத் தடுத்து, அந்தக் கீறலை நிரப்பி வண்ணம் ஒற்றும் வேலையை அவனிடமே ஒப்படைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் அந்த நான்கு எழுத்துகளை நிரப்பினான். நிறம் கலப்பதில் அவனுக்கு நல்ல கண் இருக்கிறது என்று இளையவர் சொன்னார். இப்போது திருத்த வேலைக்கு அவனைத்தான் கூப்பிடுகிறோம். பழைய ஓவியங்களின் மேல் பெயர் கீறும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவு சேதம் செய்திருக்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கும். புதுச்சேரியில் ஆசிரியராக வாழ்ந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் சித்தன்னவாசல் ஓவியங்களை உலகறியச் செய்தவர்களில் ஒருவர். நூறாண்டுக்கு முன்பே அவற்றில் சிறு பகுதிதான் எஞ்சியிருந்தது. அதற்குப் பிறகும் கைபட்டும் கீறியும் இழந்தவை உண்டு. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற ஆசிரியை என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனி குறைகள். முதல் குறை பெரியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நீர் வடிந்த பின் சிமென்ட் பூச்சுப் பகுதி முழுவதும் கழுவிவிட்டது போல நன்றாக இருந்தது. ஆனால் தென்கோடிச் சுண்ணாம்புப் பகுதியில் ஜனவரி மாதத்துக்குள் கொப்புளங்கள் எழும்பி, வண்ணம் பொரிந்து உதிரத் தொடங்கியது. உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. காரணம் எளியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு மூச்சுவிடும் தன்மையுடையது. அதன்மேல் ஈரம் புகாத பாலியூரித்தேன் பூச்சை அடித்ததால் அடியிலிருந்து ஏறிய ஓதம் வெளியேற வழியின்றி உப்போடு சேர்ந்து வண்ணத்தைத் தள்ளிவிட்டது. பூச்சின் இந்தக் குறையை எங்களுக்கு விளக்கியவர்களே எங்கள் சுவரில் அதைக் கவனிக்கத் தவறினார்கள். வலை பின்னும் கைகளில் ஒரு பகுதி அதனால் போய்விட்டது.

பெரியவர் வந்து பார்த்ததும் தவறு தங்களுடையதுதான் என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். கோடையில் அந்த 12 அடியையும் சுரண்டி, உப்பு வெளியேறும்வரை ஈரக் காகிதக் கூழை அப்பி அப்பி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்து, மூச்சுவிடும் சிலிக்கேட் வண்ணத்தால் மீண்டும் வரைந்து, மேலே தண்ணீரை ஒதுக்கி ஆவியை விடும் சைலாக்சேன் வகைப் பூச்சை அடித்துக் கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. ஆயினும் புதிய பகுதியின் நிறம் பழையதோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை. அருகே நின்றால் தெரிகிறது. பழைய வீடுகள் உள்ள தெருக்காரர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். சுவர் சுண்ணாம்பா சிமென்ட்டா என்பதை அடிக்கு அடி பார்த்து, பூச்சைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பதாக ஒப்பந்தம். ஐந்து முறையில் இரண்டு முறை ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாக வந்தார்கள். வேறு ஊரில் வேலை என்றார்கள். கூட்டங்களை மாலை ஆறு மணிக்கே வைத்ததால், வேலையிலிருந்து ஏழு மணிக்குத் திரும்பும் பெண்கள் பலர் முதல் இரண்டு கூட்டங்களுக்கு வர இயலவில்லை. நாங்கள் கேட்ட பிறகு ஞாயிறு காலைக்கு மாற்றினார்கள். கறை நீக்கும் கரைசல் கடுமையான நெடி உடையது. அதைப் பயன்படுத்தும் முறையை வாயால் சொல்லிக்கொடுத்தார்களே தவிர எழுதித் தரவில்லை. பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் இருக்கும் பொருளுக்கு இது போதாது. நானே ஒரு தாளில் எழுதி வாளியின் மேல் ஒட்டியிருக்கிறேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: 540 சதுர அடிக்குச் சதுர அடி 110 ரூபாய் வீதம் 59,400 ரூபாய் ஆனது, காப்புப் பூச்சும் கூட்டங்களும் அதில் அடங்கும். பராமரிப்புக்கு மூன்று மாதத்துக்கு 3,000 ரூபாய். வெறும் படம் மட்டும் வரைபவர்கள் இதைவிடக் குறைவாகவே கேட்டார்கள். கூட்டத்துக்குப் பணம் ஏன் என்று தொடக்கத்தில் எங்களில் சிலர் கேட்டது உண்மை. என் கணக்கில், கொடுத்த பணத்தில் மிகுந்த பயன் தந்தது அந்தக் கூட்டங்களுக்குக் கொடுத்ததுதான். ஆகவே விலையைக் குறைப்பதற்காகக் கூட்டங்களை இரண்டாகக் குறைக்கச் சொல்லாதீர்கள். பூச்சு வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் தங்கை, அவர்கள் பகுதியில் பேருந்துகள் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய நீண்ட சுவருக்கு இவர்களை அழைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தச் சுவரைக் கடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதன் எதிரே வீடு என்று எதுவும் இல்லை. வாளியை வைக்க ஒரு பெட்டிக்கடையும், காலையில் வந்து பார்க்க ஓர் அம்மாவும் இல்லாத இடத்தில் இந்தக் குழுவின் முறை வேலை செய்யாது. அவள் வீட்டுக்குப் பின்புறம், பிள்ளைகள் விளையாடும் சந்தில் ஒரு சுவர் இருக்கிறது, சிறியது. அதற்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஒப்பந்தம் வரும் ஜூன் மாதத்தில் முடிகிறது. அதற்கு முன் சட்டமன்றத் தேர்தல் வருகிறது; இந்த ஓவியம் சந்திக்கும் முதல் தேர்தல் அதுதான். சென்ற வாரம் பெரியவர் வந்தபோது, எல்லாக் கட்சிகளின் பகுதிப் பொறுப்பாளர்களையும் ஒரே நாளில் சுவரடிக்கு அழைத்துப் பேச வேண்டும் என்றார். ஒரு கட்சிக்காரரை முதலில் அழைத்தால் மற்றவர் அதை வேறாக எடுத்துக்கொள்வார் என்பதால் அழைப்பு தெருவின் பெயரில் போக வேண்டும், தேநீரும் தெருவே கொடுக்க வேண்டும் என்று சொன்னார். கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்பதே என் முடிவு. வருகை தாமதமானால் அந்த மூன்று மாதக் கட்டணத்தில் பாதி குறைக்கப்படும் என்ற ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் சம்மதித்துவிட்டார்.